நாலு சில்லுக்கு ஒரு பெட்டிசம்

கொட்டாஞ்சேனை பழைய பேக்கரி ஒழுங்கைக்கு வந்த முதல் கலர் டீவி எவ்லின் வீட்டுக்குத்தான் வந்தது. முதல் ஃபிரிட்ஜ், முதல் வோஷிங் மெஷின், மகள் இத்தாலிக்குப் போய் அனுப்பிய காசில் பதித்த முதல் மாபிள் தரை, எல்லாம் அந்தப் பச்சைக் கதவுக்குள்தான் முதலில் போயின. இதை எவ்லின் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஒழுங்கையின் முப்பத்தொரு வீடும் அதை மனப்பாடமாக வைத்திருந்தன. ஆகவே, சித்திரை வெயில் காய்ந்த ஒரு சனிக்கிழமை, நீர்கொழும்பிலிருந்து வந்த லொறியொன்று நாலு கொழுத்த ரப்பர்ச் சில்லும் மோட்டார் சைக்கிள் கைபிடியும் சிவப்பு உடம்புமாக ஒரு சாமானை எதிர்வீட்டுச் செலீனின் வாசலில் இறக்கியபோது, ஒழுங்கை முதலில் அந்தச் சாமானைப் பார்க்கவில்லை. எவ்லினின் முகத்தைத்தான் பார்த்தது.

முகத்தில் ஒன்றும் இல்லை. கையில் இடியப்ப உரல் இருந்தது. அன்றைக்கு அவள் பிழிந்த இடியப்பம் தட்டில் விழ முந்தியே துண்டு துண்டாக அறுந்தது என்று பக்கத்து வீட்டு ரபீக்கா பிறகு சொன்னாள். ரபீக்கா சொல்வதில் பாதியைத் தாராளமாக நம்பலாம்.

"எனத்த எவ்லினக்கா அது? மோட்டார் சைக்கிளா, டிரக்டரா?" என்று ரபீக்காதான் மதிலுக்கு மேலால் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? கடற்கரையில வெள்ளைக்காரர் ஓடி விளையாடுறது. செலீன்ட தம்பி வேலை செய்த ஹோட்டல் மூடிற்றாங்களாம். கழிச்சு விட்டதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்."

"வடிவாத்தான் ஈக்கி."

"வடிவு! தவளை குந்திக்கொண்டு இருக்கிற மாதிரிக் கிடக்கு."

"தவளையெண்டாலும் சிவப்புத் தவளை அக்கா," என்றாள் ரபீக்கா. எவ்லின் உள்ளே போய்விட்டாள்.

செலீனுடைய புருஷன் ரொனி இருபது வருஷம் முச்சக்கர வண்டி ஓட்டியவன். சீனி வருத்தம் முதலில் அவனுடைய பெருவிரலைக் கேட்டது. பிறகு பாதத்தைக் கேட்டது. கடைசியில் வலதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முச்சக்கர வண்டிக்குப் பிரேக் வலதுகாலுக்குக் கீழே. வண்டியை விற்றார்கள். செலீன் விடிய எழும்பி அப்பத் தாச்சியை அடுப்பில் வைத்தாள். வாசலுக்கு வந்தவர்களுக்கு விற்றாள். வராதவர்களுக்கு விற்க வழியில்லை.

அந்த நாட்களில் எவ்லினைப்போல ஒரு அயலட்டைக்காரி கிடைக்கமாட்டாள். சொதி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் ரொனியின் தலைமாட்டில் இருந்து செபமாலை சொன்னாள். பரிதாபப்படுவதில் எவ்லினுக்கு ஒரு குறையும் கிடையாது. பரிதாபப்பட வேண்டிய ஆள் மோட்டாரில் ஏறித் தன் வாசலால் போகும்போதுதான் சிக்கல் வந்தது.

போகத்தான் செய்தான். அந்தச் சாமானுக்குக் கியர் மிதிக்கத் தேவையில்லை. கைப் பெருவிரலால் ஒரு சின்ன நாக்கை அமர்த்தினால் ஓடும். பிரேக் இரண்டும் கைக்குள். ஒரு கிழமை ஒழுங்கைக்குள் மேலும் கீழும் ஓடிப் பழகினான். அடுத்த கிழமை பின்பக்கக் கம்பியில் சூடு ஆறவிடாத ஒரு ரெஜிபோம் பெட்டியைக் கட்டினான். காலமை ஆறரைக்கு ஜிந்துப்பிட்டியிலும் புளூமெண்டாலிலும் கதவைத் திறந்தவர்களின் கையில் செலீனின் பால் அப்பம் விளிம்பு முறுகல் குலையாமல் சுடச்சுடப் போய்ச் சேர்ந்தது.

எவ்லினும் இடியப்பம் விற்கிறவள்தான். சிவப்பரிசி மாவை வறுத்து, கொதிதண்ணீர் விட்டு, உள்ளங்கை சுடச்சுடக் குழைத்து, தட்டுத்தட்டாகப் பிழிந்து அவித்தால் பூப்போல இருக்கும். அதை வீடு வீடாகக் கொண்டுபோகிறவர் அவளுடைய புருஷன் வலன்ரைன். கப்பலடியில் முப்பத்திரண்டு வருஷம் மூட்டைக் கணக்கு எழுதி இளைப்பாறிய மனிதர். இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு நடப்பார். வழியில் நாலு பேரோடு நின்று கதைப்பார். இடியப்பம் போய்ச் சேரும்போது ஆறியிருக்கும். இவ்வளவு காலமும் ஒருவரும் அதைக் குறை சொல்லவில்லை; சூடாகக் கொண்டுவர வேறு ஆள் இருக்கவில்லை. இப்போது வங்கியில் வேலை செய்கிற மிஸ் அப்பத்துக்கு மாறிவிட்டா. பிறகு டிஸ்பென்சரிக்காரர். மூன்றாவதாக, எவ்லினின் சொந்தப் பெறாமகள் பேர்ணடெற்.

"ஆன்ரி, பிள்ளைகள் அந்த சைக்கிளைப் பார்க்கத்தான் ஆசைப்படுதுகள்," என்று பேர்ணடெற் போனில் இழுத்தாள். "அது வந்தாத்தான் சாப்பிடுவமெண்டு நிக்குதுகள்."

"ஓம், ஓம். சாப்பிடட்டும்," என்று எவ்லின் சொல்லிப் போனை வைத்தாள். வைத்த சத்தம் ரபீக்காவுக்குக் கேட்டது.

அதையும் பொறுத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைதான் பொறுக்க முடியாமல் போனது. எவ்லினும் வலன்ரைனும் வெயிலில் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடி நடந்து போகிறார்கள். பின்னால் ஒரு இரைச்சல். ரொனி வெள்ளைச் சேர்ட்டோடு ஓட்டுகிறான். பின்னால் செலீன், பீச் நிறச் சாரியும் விரித்த குடையுமாக ஒருபக்கமாக இருந்து, திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் சுரூபம் போகிற மாதிரிப் போகிறாள். போகிறவள் சும்மா போகவில்லை. "அக்கா, வெயிலுக்க நடக்கிறீங்களே, ரொனி திரும்பி வந்து ஏத்துவார், நில்லுங்கோ!" என்று கூப்பிட்டும் போனாள். பூசை முடிந்ததும் சுவாமியார் வெளியே வந்து அந்தத் தவளைக்குத் தீர்த்தம் தெளித்தார். எவ்லினின் வோஷிங் மெஷினுக்கு எந்தச் சுவாமியாரும் தீர்த்தம் தெளித்ததில்லை.

திங்கட்கிழமை அவள் பஸ் ஏறிப் பம்பலப்பிட்டிக்குப் போய் ஒரு என்வலப் வாங்கினாள். கொட்டாஞ்சேனையில் வாங்கினால் கடைக்காரனே யாருக்கென்று கேட்பான். வலன்ரைன் குளிக்கப் போன நேரம் பார்த்துக் குசினி மேசையில் இருந்து எழுதினாள். வாகனங்களுக்கு நம்பர் கொடுக்கிற கந்தோருக்கு முறைப்பாடு எழுதுகிறதென்றால் சிங்களத்தில் எழுதவேண்டும். ஒழுங்கையில் சிங்களத்தில் பெட்டிசம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் வலன்ரைன்தான். தண்ணீர் ஓடாத கானுக்குப் பெட்டிசம், தெருவிளக்குக்குப் பெட்டிசம், கட்டாக்காலி நாய்களுக்குப் பெட்டிசம், எல்லாம் அவருடைய கைதான். இதை அவரிடம் எழுதச் சொல்ல முடியாது. ஆகவே தமிழிலேயே எழுதினாள். பெயர் போடவில்லை. 'இப்படிக்கு, உண்மை விரும்பி' என்று முடித்தாள்.

ஆனால் தொடங்கும்போது கை தன்பாட்டில் ஒரு வேலை செய்தது. கன்னியாஸ்திரிமார் படிப்பித்த பிள்ளை அவள். எதை எழுதினாலும் தாளின் தலைப்பில் ஒரு சின்னச் சிலுவை கீறி, அதன் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வைப்பாள். சாமான் துண்டிலும் வைப்பாள். இத்தாலிக்குப் போகிற பார்சலிலும் வைப்பாள். இடியப்ப ஓடர்த் துண்டிலும் வைப்பாள். உண்மை விரும்பியும் வைத்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் சந்தியில் பொலிஸ் ரொனியை மறித்தது. நம்பர் இல்லாத வாகனம், நம்பர் எடுக்கவும் ஏலாத வாகனம், கடற்கரையிலும் தோட்டக் காணியிலும் ஓடலாம், ரோட்டில் ஓட ஏலாது, இன்னொருமுறை கண்டால் ஏற்றிக்கொண்டு போவோம் என்று சொல்லி, ஒழுங்கை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். செலீன் வாசலில் அதற்கு மேலே நீலத் தறப்பாள் ஏறியது. எவ்லின் இரண்டு இரவு நிம்மதியாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் யன்னலால் பார்த்தபோது, ரொனி தறப்பாளின் ஒரு மூலையைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, சில்லைத் தடவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் விற்காத அப்பம் அடுக்காக இருந்தது. அவள் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

வைகாசி மழை தொடங்கின அன்றைக்குப் பின்னேரம் ரொனியும் செலீனும் எவ்லின் வீட்டுக்கே வந்தார்கள். கடிதம் பிடிபட்டதென்று நினைத்து எவ்லின் குசினிக்குள் ஒதுங்கினாள். வந்தவர்கள் அவளைத் தேடி வரவில்லை.

"வலன்ரைன் அண்ணை, ஒரு பெட்டிசம் எழுதித் தரவேணும்," என்றான் ரொனி, பொய்க்காலை நீட்டிக் கதிரையில் இருந்தபடி.

வலன்ரைனுக்கு ஆரோ வெற்றிலை வைத்துக் கலியாணத்துக்குச் சொன்ன மாதிரி முகம் மலர்ந்தது. கண்ணாடியைத் துடைத்தார். ஃபுல்ஸ்காப் தாளை மடித்து ஓரம் விட்டார். "சொல்லு. என்ன கேக்கிறாய்? கேக்கிறதைத் தெளிவாக் கேக்கவேணும். அதுதான் பெட்டிசம்."

"இதை ரோட்டில ஓட விடவேணும் அண்ணை. பெரிய ரோட்டைக் கேக்கேல்லை. இந்தச் சின்ன ஒழுங்கையள், குறுக்கு ரோட்டுகள், அவ்வளவுதான். மெதுவா ஓடுறன். பகலில ஓடுறன். குப்பை டிரக்டர் ஓடுது, அதுக்கு லைட்டே இல்லை. சந்தையால கைவண்டில் வருது, அதுக்குப் பிரேக்கே இல்லை. பாபர் வீதியில மாடு நடக்குது, அதுக்கு ஆர் லைசென்ஸ் குடுத்தது? ஒரு கால் இல்லாதவன் நாலு சில்லில போனா மட்டும் ரோட்டுக்கு நோகுதாமோ?"

"நல்லது, நல்லது. மாட்டை விடுவம். மற்றதுகளைப் போடுறன்."

எவ்லின் தேத்தண்ணி கொண்டுவந்தாள். வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் ரொனி, சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியுற ஒழுங்கை. உனக்கும் உடம்பு ஏலாது. பேசாம ஒரு கடை கிடை போட்டுக்கொண்டு இருக்கலாமே?"

"இருந்து பார்த்தனான்தானே அக்கா, ரெண்டு வருசம்," என்றான் ரொனி. "இருக்க இருக்கத்தான் மற்றக் காலும் மறக்குது."

"மெதுவா ஓடுறமெண்டு சொல்லுறாய். இன்ஷூரன்ஸ்?" என்றாள் எவ்லின்.

"அதைத்தான் அண்ணையை எழுதச் சொல்லுறன். நம்பர் தந்தா இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். நம்பர் தராம இன்ஷூரன்ஸ் எங்கயெண்டு கேட்டா நான் என்ன செய்ய?"

"சரியான கேள்வி!" என்று வலன்ரைன் தொடையில் தட்டினார். தன்னுடைய புருஷன் தன்னுடைய மேசையில் தன்னுடைய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரனுக்குத் தொடை தட்டுகிறதை எவ்லின் பார்த்தாள். கலியாணம் முடித்து முப்பது வருஷத்தில் அவளுடைய எந்தக் கேள்விக்கும் அந்தத் தொடை அசைந்ததில்லை.

எழுதி முடிந்ததும் செலீன் பேனையை எவ்லினிடம் நீட்டினாள். "அக்கா, முப்பத்தொரு வீட்டுக் கையெழுத்தும் இருந்தா கந்தோரில ஆளனுப்பிப் பார்ப்பினமாம். முதல் கையெழுத்து நீங்க வைச்சா மற்றவங்க கேள்வி கேக்கமாட்டாங்க. ஒழுங்கைக்கு நீங்கதானே முதல்."

அந்தக் கடைசி வசனம் எவ்லினுக்குள் பாலாய் இறங்கியது. பேனையை வாங்கினாள். வாங்கிய கை கையெழுத்துக்கு முதல் சின்னச் சிலுவையைக் கீறி, இரண்டு புள்ளியையும் வைத்தது.

"கையெழுத்துக்குமா அக்கா?" என்று செலீன் சிரித்தாள்.

"பழக்கம் பிள்ளை."

ரொனி அந்தத் தாளோடு மழைக்குள் நொண்டி நொண்டி வீடு வீடாக ஏறினான். ரபீக்கா தனக்கும் மருமகளுக்குமாக இரண்டு கையெழுத்து வைத்தாள். மாடியில் இருக்கிற இரத்தினம்மா, ரொனியின் வண்டிச் சத்தம் கேட்டுத்தான் தான் காலமையில் எழும்புகிறது, அது இல்லாமல் இந்த மூன்று கிழமையாய்ப் பிள்ளையார் கோயில் பூசை தவறிப்போகிறது என்று எழுதச் சொன்னாள். வலன்ரைன் அதையும் சேர்த்தார்.

மூன்று கிழமை கழித்து, மழை விட்ட ஒரு காலமை பத்து மணிக்குக் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். குடையும் ஃபைலுமாக ஒரு மிஸ். அளவு நாடாவோடு ஒரு உதவியாள். ஒழுங்கை முழுக்க வாசலில் நின்றது. அகலத்தை அளந்தார்கள். தறப்பாளை எடுக்கச் சொன்னார்கள். ரொனி ஏறி மெதுவாக ஒழுங்கை முனைவரை போய்த் திரும்பி வந்து, மிஸ்ஸின் செருப்புக்கு இரண்டு முழம் முன்னால் இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினான். மிஸ் அசையவில்லை. ஏதோ எழுதினா.

பிறகு ஃபைலைப் புரட்டி, சிங்களத்தில் சொன்னா: "உங்கள் பெட்டிசம் இருக்கிறது. இதே விஷயமாய் இன்னொரு கடிதமும் இருக்கிறது. சித்திரை மாதம் வந்தது. தமிழில் இருக்கிறது, பெயர் இல்லை. எங்களிடம் தமிழ் வாசிக்கிறவர் மாற்றலாகிப் போய்விட்டார். இதுவரை ஒருவரும் வாசிக்கவில்லை. யாராவது படித்துச் சொல்வீர்களா?"

ஒருவரும் வாசிக்கவில்லை. எவ்லினுக்கு அந்த வார்த்தை காதுக்குள் போய் நின்றது. அப்படியென்றால் பொலிஸ் தன்பாட்டில் வந்து தன்பாட்டில் மறித்திருக்கிறது. இத்தனை நாளும் தூக்கமில்லாமல் அவள் சுமந்தது, ஒரு சதத்துக்கும் வேலை செய்யாத ஒரு கடிதத்தை. அதைவிடப் பெரிய விஷயம் அடுத்த நிமிஷம் நடந்தது. முப்பத்தொரு வீடும் ஒரே குரலில் "வலன்ரைன் அண்ணை!" என்றது.

வலன்ரைன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்னுக்குப் போனார். தாளை விரித்தார். தலைப்பைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். முப்பது வருஷமாய் அந்தச் சிலுவைக்குக் கீழே எழுதியிருந்த சீனியையும் தேங்காயையும்தான் அவர் கடையில் வாங்கிக்கொண்டு வருகிறவர். எவ்லின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

தாளில் இப்படி இருந்தது: 'கால் ஒன்று இல்லாத ஒருவர் இந்த வாகனத்தை ஓட்டுவதால் பிள்ளைகள் எந்நேரமும் நசுங்கிச் சாகலாம்.'

வலன்ரைன் தொண்டையைச் செருமி, நல்ல சிங்களத்தில் வாசித்தார்: "இவருக்கு ஒரு கால் இல்லை. பிரேக் இரண்டும் கையில் இருப்பதால் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை."

தாளில்: 'இரைச்சலினால் நோயாளிகள் நித்திரையின்றித் தவிக்கின்றனர்.'

"விடிய ஆறு மணிக்கு முன்னம் இவர் இதை எடுப்பதில்லை. நோயாளிகளுக்கு இடைஞ்சலில்லை."

தாளில்: 'இது கடற்கரையில் உல்லாசத்துக்கு ஓட்டுகிற சாமான். இதற்கு ரோட்டில் இடமில்லை.'

இங்கே அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இது கடற்கரையில் உல்லாசத்துக்கு ஓடிய சாமான்," என்றார். "இப்போது உழைக்கிறது. உழைக்கிற எதற்கும் ரோட்டில் இடம் இருக்க வேண்டும்."

ஒழுங்கை கைதட்டியது. ரபீக்கா, "ஆரோ நல்ல மனிசன் எழுதியீக்கி," என்று கண்ணைத் துடைத்தாள்.

"பெயர் ஏன் போடவில்லை?" என்று மிஸ் கேட்டா.

"வெட்கப்பட்டிருக்கலாம் மிஸ்," என்றார் வலன்ரைன்.

தாளைத் திருப்பிக் கொடுக்க அவர் கையை நீட்டினார். இடையில் நின்ற செலீன் வாங்கி மிஸ்ஸிடம் கொடுத்தாள். வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் இடையில் ஒரு தாச்சியை எடுத்துச் சுழற்றி வைக்கிற நேரம்தான் இருந்திருக்கும். செலீன் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள். தலைப்பைப் பார்த்தாள். நிமிர்ந்து பச்சைக் கதவைப் பார்க்கவில்லை. தாளை வந்த மடிப்பிலேயே மடித்து, "இந்தாங்கோ மிஸ்," என்றாள்.

அன்று மத்தியானம் எவ்லின் விளைமீன் குழம்பு வைத்தாள், வலன்ரைனுக்குப் பிடித்த மாதிரி, கொறுக்காய்ப்புளி கூடப்போட்டு. அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து சொன்னார்:

"முப்பத்திரண்டு வருசம், எவ்லின். ஒரு மூட்டை கூட்டியோ குறைச்சோ எழுதேல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

அதற்குப் பிறகு அந்தக் கதை அந்த வீட்டில் எடுக்கப்படவில்லை. கதைத்திருந்தால் ரபீக்காவுக்குக் கேட்டிருக்கும்.

ஆனி நடுவில் அனுமதி வந்தது. ஆறு மாதத்துக்குப் பரீட்சார்த்தம். ஒழுங்கைகளிலும் குறுக்கு ரோட்டுகளிலும் மட்டும். காலமை ஆறிலிருந்து பின்னேரம் ஆறு வரை. முன்னும் பின்னும் கந்தோர் தந்த தகடு கட்ட வேண்டும். பெரிய ரோட்டைக் கடக்கிறதென்றால் எஞ்சினை நிறுத்தி, தள்ளிக்கொண்டுதான் கடக்க வேண்டும். ஒற்றைக் காலோடு அதை ஆர் தள்ளுகிறது என்று தாளில் எழுதியிருக்கவில்லை. வலன்ரைன் தான் தள்ளுவதாகச் சொல்லிவிட்டார். எவ்லினைக் கேட்கவில்லை.

முதல் நாள் காலமை மழைத் தூறல். ரொனி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலே பச்சைக் கதவைத் தட்டினான்.

"எவ்லினக்கா, உங்கட இடியப்பத்தையும் சேர்த்துக் கொண்டுபோகட்டாம். அண்ணை எப்பிடியும் வாறார்தானே, ஏன் கையில தூக்கவேணும் எண்டு செலீன் சொன்னவ. உங்கட பழைய வீடுகளை அவவே போன் பண்ணிக் கேட்டுத் துண்டு எழுதித் தந்திருக்கிறா."

துண்டை நீட்டினான். வங்கி மிஸ் முப்பது இடியப்பம், டிஸ்பென்சரிக்காரர் இருபது, பேர்ணடெற் இருபத்தைந்தும் சம்பலும். செலீனுடைய குண்டுக் கையெழுத்து. துண்டின் தலைப்பில் ஒரு சின்னச் சிலுவை, அதன் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி.

எவ்லின் நிமிர்ந்து பார்த்தாள். எதிர்வீட்டில் செலீன் முதுகைக் காட்டிக்கொண்டு தாச்சியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அவசரமும் இல்லை, திரும்பிப் பார்க்கிற யோசனையும் இல்லை.

வெட்கப்பட வேண்டும் என்று எவ்லினுக்குத் தெரியும். வெட்கம் வந்தும் வந்தது, காது மடல்வரை வந்தது. ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே மற்றதும் வந்தது. கலர் டீவியும் மாபிளும் பழசாகிப்போய்விட்டன. சுவாமியாரின் தீர்த்தம் செலீனுக்குப் போனது, ஒழுங்கையின் கைதட்டு அவளுக்குப் போனது, தொடை தட்டுகிற புருஷன் விடியக்காலமை அவளுடைய வண்டியைத் தள்ளப் போகிறார். இப்போது பார்த்தால், பார்த்தும் பாராமல் விடுகிற பெரிய மனசும் முதலில் அந்த வீட்டுக்குத்தான் வந்து இறங்கியிருக்கிறது.

உள்ளே போனாள். ஆவி பறக்கிற இடியப்பத்தை வாழையிலை விரித்த பெட்டிக்குள் அடுக்கினாள். கணக்குக்கு மேலே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கூட வைத்தாள். செலீன் வீட்டுக்கென்று ஐந்து இடியப்பத்தைத் தனியாக இலையில் சுற்றி, ரொனியின் கையில் கொடுத்தாள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பின்பக்கக் கம்பியில் செலீனின் அப்பப் பெட்டி ஏற்கெனவே கட்டியிருந்தது. முன்பக்கக் கம்பி வெறுமையாக இருந்தது.

"எங்க வைக்க அக்கா? இதுக்கு மேலயா?" என்று ரொனி கயிற்றை அவிழ்த்தான்.

"மேல வேண்டாம்," என்றாள் எவ்லின். "என்டதை முன்னுக்குக் கட்டு."